வீடும் விதியும்
மிசிசாகாவில் இல்லப் பராமரிப்புச் சட்டம் வந்த வழி

1979ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 10ஆம் திகதி, நள்ளிரவு நெருங்கும் வேளையில், மிசிசாகா நகரின் மேவிஸ் வீதியருகே ஒரு சரக்குப் புகையிரதம் தடம் புரண்டது. எரிவாயு ஏற்றிவந்த பெட்டிகள் வெடித்துத் தீப்பற்றின. குளோரின் என்னும் நச்சுவாயு நிறைந்த பெட்டியொன்றும் அந்தத் தீயின் நடுவே கிடந்தது. இரண்டு லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேற நேர்ந்தது. கடைசிக் குடும்பங்கள் வீடு திரும்ப ஏறக்குறைய ஆறு நாட்கள் சென்றன. தெய்வாதீனமாக ஓர் உயிரும் போகவில்லை. காரணத்தை ஆராய்ந்தபோது, ஒரு பெட்டியின் அச்சுத் தாங்கி உராய்வினால் அளவு மீறிச் சூடேறியதும், அதனால் அச்சு முறிந்து சில்லுகள் கழன்றதுமே என்று தெரியவந்தது.

பராமரிக்கப்படாத ஒரு சிறு பாகம் ஒரு நகரத்தையே இடம்பெயர்த்தது. வீட்டின் நிலையும் இதுவே. ஒழுகும் கூரை, தளர்ந்த படிக்கட்டு, பழுதுபட்ட மின்கம்பி ஆகியவை ஒருவருடைய சொந்த விடயம் போலத் தோன்றும். ஆனால் அவற்றின் பலன் சொந்தக்காரரோடு நிற்பதில்லை. அயலவரையும், அவ்வீட்டில் வாடகைக்கு இருப்பவரையும் சேர்கின்றது. இதனாலேயே வீட்டைப் பேணுவது குறித்து ஊர்ச் சபைகள் விதி செய்தன. அந்த விதிகள் வந்த வழி நீண்டது. தமிழருக்குப் புதியதும் அன்று.

பழைய நூலில் வீட்டு விதிகள்

அர்த்தசாஸ்திரம் ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட நூல். நெடுங்காலம் மறைந்துகிடந்த அதன் ஓலைச்சுவடியைத் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர் நூலகத்துக்குக் கொடுக்க, நூலகர் ஆர். சாமசாஸ்திரி அதனை இனங்கண்டு 1909இல் அச்சிட்டார். அரசியல் நூல் என்றே பலரும் அறிந்த அதில் வீட்டுக்கும் வீதிக்கும் விரிவான விதிகள் உண்டு.

வீதியில் குப்பை கொட்டியவருக்குப் பணத்தில் எட்டில் ஒரு பங்கு தண்டம். சேறும் நீரும் தேங்கச் செய்தவருக்குக் கால் பணம். அரச வீதியாயின் இரட்டிப்பு. கோடைகாலத்தில் பகலின் நடுப்பகுதியில் வீட்டினுள் நெருப்பு மூட்டலாகாது. ஒவ்வொரு வீட்டிலும் நீர்க்குடங்கள், ஏணி, கோடரி, கொக்கி முதலியவை இருத்தல் வேண்டும், இல்லையேல் தண்டம். தீப்பிடித்த வீட்டைக் காக்க ஓடிவராத வீட்டுக்காரருக்கு 12 பணமும், வாடகைக்காரருக்கு 6 பணமும் தண்டம் என்று அந்நூல் கூறும். வடிகாலும் அடுப்படியும் அயலவர் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்க வேண்டும் என்பதும் சொல்லப்பட்டுள்ளது. பிள்ளைப்பேற்று வீட்டுக்கு மட்டும் பத்து நாள் விலக்கு உண்டு. விதி வகுத்தவர் மனிதரின் நிலையையும் மறக்கவில்லை என்பதற்கு இது சான்று.

இவற்றுள் இன்றைய வாசகர் நின்று நோக்கவேண்டிய விதி இன்னொன்று. வாடகை செலுத்தியவரைத் தக்க காரணமின்றி வெளியேற்றும் வீட்டுக்காரருக்கு 12 பணம் தண்டம். களவு, அடிதடி போன்ற குற்றங்கள் செய்தவருக்கே இதில் விலக்கு. வெளியேறச் சொன்ன பின்னும் அடாத்தாகத் தங்கியிருப்பவருக்கும் அதே தண்டந்தான். இருபக்கமும் சமன் செய்த தராசு அது.

இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு இத்தகைய விதி அனுபவத்திலும் தெரியும். 1862ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் தொல்லைகள் கட்டளைச் சட்டம் வீட்டையும் வளவையும் அசுத்தமாக வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் வீடமைப்பையும் நகர மேம்பாட்டையும் ஒழுங்குபடுத்தியது. சைக்கிளில் வந்து கிணற்றடியையும் மலசலகூடத்தையும் பார்த்துப்போகும் சுகாதாரப் பரிசோதகரை ஊரில் அறியாதார் இலர். அவர் வருகிறார் என்றால் வளவு கூட்டப்படும். சிரட்டைகளில் தேங்கிய நீர் கொட்டப்படும்.

ரொறன்ரோ கற்ற பாடம்

கனடாவில் இவ்விதிகளை வளர்த்தவை தீயும் நோயும் ஆகும். 1904ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் திகதி ரொறன்ரோ நகரின் வணிகப் பகுதியில் மூண்ட பெருந்தீ நூற்றுக்கு மேற்பட்ட கட்டடங்களை அழித்தது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். கட்டட விதிகள் இறுக்கமாயின.

நோயின் கதை வேறு. யங் வீதிக்கும் யூனிவர்சிற்றி அவெனியூவுக்கும் இடையில், இன்று பெரிய மருத்துவமனைகளும் நகர மண்டபமும் நிற்கும் இடத்தில், ‘வார்ட்’ என்று அழைக்கப்பட்ட குடியிருப்பு இருந்தது. யூதர், இத்தாலியர், சீனர் எனப் புதிதாக வந்தவர்கள் அங்கேதான் முதலில் தங்கினர். 1910இல் நகரச் சுகாதார வைத்திய அதிகாரியாகப் பதவியேற்ற டாக்டர் சார்ள்ஸ் ஹேஸ்டிங்ஸ் அவ்வகையான குடியிருப்புகளை வீடு வீடாக ஆராய்ந்து 1911இல் அறிக்கை வெளியிட்டார். இருண்ட அறைகள், நிலத்தடியில் மனிதர் வாழும் இடங்கள், குழி மலசலகூடங்கள், ஒரே அறையில் நெருங்கிய குடும்பங்கள் ஆகியவற்றை அவர் நகருக்கு எடுத்துக் காட்டினார். நகரப் படப்பிடிப்பாளர் ஆர்தர் கோஸ் எடுத்த படங்கள் அதற்குச் சாட்சியாயின.

1934இல் மாகாணத் துணை ஆளுநர் ஹேர்பட் புறூசின் பெயரால் வழங்கும் அறிக்கை, வீடுகளின் சீர்கேட்டை மீண்டும் எடுத்துரைத்தது. 1936இல் ரொறன்ரோ நகரசபை வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்கும் துணைவிதியை நிறைவேற்றியது. அதுவரை புதிதாகக் கட்டும் வீட்டுக்கே விதி பெரிதும் இருந்தது. ஏற்கெனவே கட்டி மக்கள் குடியிருக்கும் வீடும் ஒரு தரத்துக்குக் கீழே போகலாகாது என்ற எண்ணம் இங்கே சட்டமாயிற்று.

மிசிசாகா நகரும் அதன் விதியும்

மிசிசாகா இளைய நகரம். பழத்தோட்டங்களும் வயல்களுமாக இருந்த ரொறன்ரோ ரவுண்ஷிப் 1968இல் மிசிசாகா என்ற பெயர் பெற்றது. 1974இல் ஸ்ட்றீற்ஸ்வில், போட் கிறெடிற் ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டு மாநகரமாயிற்று. 1978 முதல் 2014 வரை ஹேசல் மக்கலியன் அம்மையார் முதல்வராக இருந்தார். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள் தொகை 7,17,961. எழுபதுகளில் வரிசை வரிசையாக எழுந்த புதிய வீடுகள் அரை நூற்றாண்டை எட்டிவிட்டன. புதிய நகரமும் முதுமை அடையும். அப்போதுதான் பராமரிப்பு விதியின் அருமை தெரியும்.

ஒன்ராறியோ மாகாணம் 1974இல் கட்டடச் சட்டத்தை இயற்றி, 1975இல் மாகாணம் முழுவதற்கும் ஒரே கட்டட விதிக்கோவையை நடைமுறைப்படுத்தியது. இன்றைய கட்டடச் சட்டம் 1992ஆம் ஆண்டினது. அச்சட்டம் தரும் அதிகாரத்தின்கீழ் மிசிசாகா மாநகரசபை 1998இல் 654ஆம் இலக்கத் துணைவிதியை நிறைவேற்றியது. கூரை, சுவர், படி, கைப்பிடி, நீர்க்குழாய், மின்சாரம், வளவின் துப்புரவு ஆகிய யாவும் இத்தகைய விதிகளுள் அடங்கும்.

அதிகாரி செயற்படும் முறையும் அறியத்தக்கது. பெரும்பாலும் ஒருவர் முறையிட்ட பின்னரே அவர் வருவார். குறை காணப்பட்டால், இன்ன திகதிக்குள் திருத்துக என்று கட்டளை பிறக்கும். அக்கட்டளை சரியன்று என்று கருதுபவர் 14 நாட்களுக்குள் குடியிருப்புத் தரக் குழுவிடம் மேன்முறையீடு செய்யலாம். அதற்கும் மேலே உயர் நீதிமன்றம் உண்டு. கட்டளையை அலட்சியம் செய்தால் மாநகரசபையே திருத்தவேலையைச் செய்வித்து, செலவை வீட்டு வரியோடு சேர்த்து அறவிடலாம். குற்றம் நிரூபிக்கப்பட்டால் தனிநபர் ஒருவருக்கு முதல் தடவையிலேயே 50,000 டொலர் வரை தண்டம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

அதேவேளை அதிகாரிக்கும் எல்லை உண்டு. குடியிருக்கும் அறைக்குள் அவர் நினைத்தபடி நுழைய முடியாது. மறுக்கும் உரிமை உண்டு என்பதைச் சொல்லி, குடியிருப்பவரின் சம்மதத்தைப் பெறவேண்டும். அல்லது நீதிமன்றப் பிடியாணை கொண்டுவர வேண்டும். உடனடி ஆபத்து போன்ற அவசரங்களுக்கு மட்டுமே விலக்கு.

நீதிமன்றங்களும் விதியின் எல்லையைக் காட்டியுள்ளன. ஒரு வீட்டில் ஒரே குடும்பத்தவரே இருக்கலாம் என்ற நோர்த் யோர்க் துணைவிதியைக் கனடாவின் உச்ச நீதிமன்றம் 1979இல் செல்லாதாக்கியது. உறவினரா அல்லவா என்று பார்த்துக் குடியிருப்பை வரையறுக்க இன்று ஒன்ராறியோச் சட்டம் இடந்தருவதில்லை. 1996இல், முற்றத்தில் காட்டுச் செடிகளை வளர்த்த ரொறன்ரோப் பெண்மணி ஒருவருக்குச் சாதகமாக மாகாண நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விதி பாதுகாப்புக்கே அன்றி, அயலவரின் ரசனைக்காக அன்று என்பதே இவற்றின் சாரம்.

நிலக்கீழ் அறையின் கதை

1983ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னர் இலங்கைத் தமிழர் ஆயிரக்கணக்கில் ரொறன்ரோப் பகுதிக்கு வந்தனர். அவர்களுள் பலருக்கு முதற் குளிர்காலம் கழிந்த இடம் யாரோ ஒருவருடைய வீட்டின் நிலக்கீழ் அறைதான். ஒரு நூற்றாண்டுக்கு முன் ஹேஸ்டிங்ஸ் கண்ட புதியவர்களின் வரிசையில் அவர்களும் சேர்ந்தனர்.

அந்த அறைகள் நெடுங்காலம் சட்டத்துக்கும் சட்டமின்மைக்கும் நடுவே இருந்தன. 1994இல் பொப் றே அரசு அவற்றை மாகாணம் எங்கும் அனுமதித்தது. கூடவே தீத்தடுப்பு விதியில் புதிய பகுதி சேர்ந்தது. இரண்டு குடியிருப்புகளுக்கும் இடையே தீ தாங்கும் பிரிப்பு, ஆபத்தில் வெளியேற வழி, புகை எச்சரிக்கைக் கருவி, மின்சாரப் பரிசோதனை ஆகிய நான்கும் கட்டாயமாயின. 1996இல் மைக் ஹரிஸ் அரசு அந்தப் பொது அனுமதியை நீக்கியது. 2011இல் மாகாணம் மீண்டும் வழிதிறந்தது. மிசிசாகாவில் 2014 முதல் இரண்டாம் குடியிருப்புகளுக்கு உரிமம் வழங்கப்பட்டது. பின்னர் அது பதிவு முறையாக மாறியது. 2022இல் மாகாணம், நகர நீர் வசதியும் கழிவுநீர் வசதியும் உள்ள பெரும்பாலான காணிகளில் மூன்று குடியிருப்புகள் வரை அனுமதித்தது.

அனுமதி வந்தும் போனும் மீண்டும் வந்தும் இருந்த இத்தனை ஆண்டுகளிலும் அந்த அறைகளில் மனிதர் வசித்தே வந்தனர். அனுமதி இல்லாத காலத்தில் அவர்கள் முறையிடத் துணிவதில்லை. முறையிட்டால் வீடு மூடப்படும், இருக்கும் இடமும் போய்விடும் என்ற அச்சம். மொழி தெரியாதவர், குடிவரவு வழக்கு முடியாதவர் ஆகியோரின் அச்சம் இன்னும் பெரிது. முறையீட்டை நம்பி நிற்கும் சட்டத்தின் குறை இங்கேதான். மிக மோசமான அறையில் இருப்பவரே மிகக் குறைவாகப் பேசுபவர்.

இதற்குச் சட்டம் ஓரளவு பரிகாரம் செய்துள்ளது. 2006ஆம் ஆண்டின் வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின்படி, குறை இருப்பதை அறிந்தே வாடகைக்கு வந்தார் என்று சொல்லி வீட்டுக்காரர் திருத்தும் கடமையிலிருந்து தப்பமுடியாது. அதிகாரியிடம் முறையிட்டதற்காகவே ஒருவரை வெளியேற்ற விண்ணப்பித்தால், வாடகை நியாயசபை அதனை மறுக்க வேண்டும். அர்த்தசாஸ்திரத்தின் 12 பணத் தண்டத்தை இவ்விடத்தில் நினையாதிருக்க முடியாது.

2022ஆம் ஆண்டு ஜூலை மாதம் மிசிசாகா இன்னொரு படி சென்றது. இரண்டு மாடிக்கும் ஆறு குடியிருப்புக்கும் குறையாத வாடகைக் கட்டடங்களுக்கு, முறையீட்டுக்குக் காத்திராமல் தானாகவே சென்று பரிசோதிக்கும் முன்னோடித் திட்டத்தை அது தொடங்கியது. யாரும் வாய் திறவாவிட்டாலும் படிக்கட்டையும் மின்விளக்கையும் வெப்பமூட்டியையும் அதிகாரி வந்து பார்ப்பார். ஆனால் சாதாரண வீடொன்றின் நிலக்கீழ் அறை அத்திட்டத்தில் அடங்குவதில்லை. அங்கே மேலே இருப்பவரின் மனச்சாட்சியே முதற் பரிசோதகர்.

அன்று நிலக்கீழ் அறையில் இருந்தவர்களுள் பலர் இன்று வீட்டுச் சொந்தக்காரர். அவர்களுடைய வீட்டின் கீழே இன்று வேறொரு நாட்டிலிருந்து, அல்லது அதே ஊரிலிருந்து வந்த ஒரு மாணவர் இருக்கலாம். ஓர் இளங்குடும்பம் இருக்கலாம். புகை எச்சரிக்கைக் கருவி ஒலிக்கிறதா, தீ மூண்டால் வெளியேற வழி இருக்கிறதா, மாசி மாதக் குளிரில் அந்த அறை சூடாக இருக்கிறதா என்று பார்க்க அதிகாரி வரவேண்டியதில்லை. படியிறங்கிச் சென்று பார்க்கச் சில நிமிடங்களே போதும்.