தௌதன் நீர்த்தேக்கம்

தௌதன் நீர்த்தேக்கம், மத்தியப் பிரதேசத்தில் கேன் ஆற்றின் குறுக்கே அமையவிருக்கும் பல்நோக்கு நீர்த்தேக்கம். கேன்–பேத்வா நதி இணைப்புத் திட்டத்தின் இதயம் இதுதான். 2021 மார்ச் 22 அன்று மத்திய அரசும் மத்தியப் பிரதேச, உத்தரப் பிரதேச அரசுகளும் இதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 2024 டிசம்பர் 25 அன்று கஜுராஹோவில் அடிக்கல் நாட்டப்பட்டது. திட்ட மதிப்பீடு 44,605 கோடி ரூபாய்.

இந்தத் தண்ணீருக்காகக் காத்திருப்பது புந்தேல்கண்டு வட்டாரம். மழை பெய்யாத பூமியல்ல அது. பெய்கிற மழையில் பெரும்பங்கு ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அடியில் கெட்டிப் பாறை என்பதால் நிலத்துக்குள் இறங்கித் தங்குவது சொற்பம். ஓடிவரும் நீரை மறித்து வைத்தால்தான் கோடையைத் தாண்ட முடியும். முன்பு இப்பகுதியை ஆண்ட சந்தேல மன்னர்கள் மகோபாவில் மதன் சாகர், கீரத் சாகர் போன்ற ஏரிகளை அமைத்தது இந்தத் தேவையை அறிந்துதான்.

அணையின் உயரம் 77 மீட்டர், நீளம் சுமார் 2 கிலோமீட்டர். கொள்ளளவு சுமார் 100 டி.எம்.சி. இங்கிருந்து 221 கிலோமீட்டர் கால்வாய் பேத்வா படுகைக்குச் செல்லும்.

திட்டம் முழுமையடைந்தால் ஆண்டுக்கு 10.62 லட்சம் ஹெக்டேர் பாசனம் பெறும், அதில் 8.11 லட்சம் மத்தியப் பிரதேசத்தில், எஞ்சியது உத்தரப் பிரதேசத்தில். மழைக்காலத்து உளுந்தும் எள்ளும் அறுத்தபின் வரும் ரபி பருவத்தில்தான் உண்மையான மாற்றம் தெரியும். கொண்டைக்கடலை மண்ணின் ஈரத்தைக் கொண்டே ஓரளவு தாக்குப்பிடிக்கும். கோதுமை அப்படியல்ல. விதைத்த மூன்றாம் வாரம், வேர் விடும் தருணத்தில் முதல் தண்ணீர் தவறினால் தூர் கட்டாது, விளைச்சல் விழுந்துவிடும். அந்த ஒரு தண்ணீர் உறுதியானாலே, அறுவடை இல்லாத மாதங்களில் டெல்லிக்குக் கூலி வேலை தேடிப் போகும் குடும்பங்கள் ஊரிலேயே இருக்க வழி பிறக்கும். திட்டத்தின் ஆகப் பெரிய பயன் இதுவே.

62 லட்சம் பேருக்குக் குடிநீர், 103 மெகாவாட் நீர்மின்சாரம், 27 மெகாவாட் சூரியமின்சாரம் ஆகியவையும் கணக்கில் உண்டு. கோடையில் குடத்தோடு நெடுந்தூரம் நடக்கும் பெண்களுக்கு மின்சாரத்தைவிடக் குடிநீரே பெரிது.

விலையும் பெரிதுதான். நீரில் மூழ்கும் சுமார் 9,000 ஹெக்டேரில் பெரும்பகுதி பன்னா புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. 2009-இல் ஒரு புலிகூட மிஞ்சாத காடு அது. கான்ஹா, பாந்தவ்கர், பெஞ்ச் காடுகளிலிருந்து புலிகளைக் கொண்டுவந்து விட்ட பிறகே அங்கே மறுபடியும் குட்டிகள் பிறந்தன.