ஆணை இழந்த முகம்

ரோமப் பேரரசனின் பளிங்கு மார்பளவுச் சிலை வெறும் அலங்காரப் பொருள் அன்று. அவன் ஒருநாளும் வராத ஊரின் மன்றத்திலும் படைமுகாமிலும் அவனுடைய ஆட்சியே அங்கு செல்லும் என்று அது அறிவித்தது. அந்த ஆட்சிக்கு வெளியே இருந்த இலங்கைக்கு அதே முகத்தைக் கொண்டுவந்தவை காசுகள். கடல் கடந்ததும் அந்த முகம் தன் ஆணையை இழந்தது. சரக்கின் அடையாளமாக மட்டுமே நின்றது என்பது என் வாதம்.

 இலங்கையில் புத்தளத்துக்கு வடக்கே உள்ள குதிரைமலையைத்தான், அன்னியஸ் புளோகாமஸ் என்ற வரிக் குத்தகைக்காரரின் ஆள் காற்றில் அடிபட்டு ஒதுங்கிய துறையாக ஆய்வாளர் பலர் கொள்கின்றனர். ரோம எழுத்தாளர் பிளினி சொல்வது இது: அவனிடமிருந்த தெனாரியஸ் காசுகளில் முகங்கள் வெவ்வேறாக இருந்தும் எடை ஒன்றாக இருந்ததைக் கண்டு இலங்கை மன்னன் வியந்தான்; ரோமப் பேரரசன் கிளாடியஸிடம் நான்கு தூதரை அனுப்பினான். மன்னனைக் கவர்ந்தது எடை. இது ரோமரின் தற்புகழ்ச்சிக் கதை என்று மறுக்கலாம். அந்த ஐயம் நியாயமானதே. புளோகாமஸின் அடிமை ஒருவன் கி.பி. 6இல் எகிப்தியப் பாலைவனப் பாறையில் பெயர் பொறித்திருப்பதால், பயணம் கிளாடியஸுக்கு முந்தியது என்போரும் உண்டு. ஆகவே கதையை விட்டுக் காசுகளையே கேட்போம்.

1898இல், இலங்கைக்கு எதிரே உள்ள தமிழ்நாட்டின் புதுக்கோட்டைப் பகுதியில் ஏறக்குறைய 500 ரோமப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசனின் தலைமீது உளி வெட்டு. மறுபடி காசாகச் செல்லாதிருக்க வெட்டினர் என்பர் சிலர். தங்கத்தைச் சோதிக்க என்பர் வேறு சிலர். எதை ஏற்றாலும், அந்த முகத்துக்கு அஞ்சிய கை அங்கே இல்லை. 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரிய வணிகர் காஸ்மாஸ் எழுதிய கதையை எதிராகக் காட்டலாம்: ரோம வணிகன் ஒருவனும் பாரசீகன் ஒருவனும் தத்தம் அரசனே பெரியவன் என்று வாதாட, இலங்கை மன்னன் இருவர் காசையும் பார்த்து ரோமனுக்குத் தீர்ப்பளித்தானாம். ஆனால் அங்கேயும் வென்றது வெள்ளிக்கு எதிரே வைத்த பொன்தான்.

கடினமான மறுப்பு வேறொன்று. இலங்கையில் ஆயிரக்கணக்கில் கிடைப்பவை பெரும்பாலும் 4, 5ஆம் நூற்றாண்டுச் சிறு செப்புக் காசுகள். செம்புக்கு என்ன பெரிய விலை? அப்படியானால் முகத்தை நம்பித்தானே வாங்கியிருப்பார்கள்? இதற்கு விடை, அவற்றோடு கலந்து கிடைக்கும் உள்ளூர் நகல்களில் இருக்கிறது. அவற்றில் தலை வெறும் கோடாகிவிட்டது. எழுத்துகளைப் படிக்க முடியாது. எந்தப் பேரரசன் என்றே தெரியாது. இருந்தும் அவை கைமாறின. அவற்றைச் செல்லுபடியாக்கியது இங்குள்ள சந்தையின் சம்மதம்.