அடைகாக்கும் பெட்டியும் அன்னையின் மார்பும்

கருப்பையில் நிலவும் உஷ்ணம் ஏறக்குறைய 37 டிகிரி சென்டிகிரேடு. அதனின்று வெளிப்படும் குழந்தை, நமக்கு இதமாகத் தோன்றும் 25 டிகிரி அறைக்குள் நனைந்த மேனியோடு வந்து சேர்கிறது. உடலின் எடையை நோக்க அதன் தோற்பரப்பு மிகுதி; ஆதலால் வெகு விரைவில் சூட்டை இழக்கிறது. மேனியின் ஈரம் ஆவியாகுங்கால் ஒரு பங்கு வெப்பம் போகிறது. குளிர்ந்த தராசுத் தட்டும், வீசும் காற்றும், அருகிலுள்ள சுவருங்கூடத் தத்தம் பங்கைக் கவர்கின்றன. நம்மைப்போல் நடுங்கிச் சூடு உண்டாக்கிக்கொள்ளும் ஆற்றலும் சிசுவுக்கு இல்லையென்றே சொல்லலாம். தோள்களுக்கு நடுவிலும் கழுத்திலும் சேமித்து வைத்திருக்கும் பழுப்பு நிறக் கொழுப்பே அதற்கு விறகு. குறைமாதத்தில் பிறந்த குழந்தையிடம் அவ்விறகும் சொற்பமே. உடல் உஷ்ணம் 36.5 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அபாயம் தொடங்கிவிடுகிறது.

குளிரால் சிசுக்கள் மடிவது எக்காலத்தும் உண்டு. அதைத் தடுக்கலாம் என்று முயன்று, பலனைக் கணக்கிட்டும் காட்டியவர்களுள் முதன்மையானவர் பாரிஸ் மாநகரத்துப் பிரசவ வைத்தியர் ஸ்தெபான் தார்னியே. அந்நகரத்து உயிரினத் தோட்டத்தில் கோழிக்குஞ்சு பொரிப்பதற்கு வைத்திருந்த பெட்டிகள் அவர் கருத்தைக் கவர்ந்தன. அவற்றைச் செய்த ஓதில் மார்த்தேன் என்பவரைக் கொண்டே, 1880ஆம் ஆண்டையொட்டி, மதர்னிதே ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கென ஒரு பெட்டி அமைக்கச் செய்தார். கீழறையில் வெந்நீர், மேலறையில் குழந்தைகள். பிரெஞ்சு மொழியில் இப்பெட்டிக்கு வழங்கும் 'கூவெஸ்' என்ற சொல்லுக்கு அடைக்கோழி என்றும் பொருள். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட என் போன்றோர் இன்குபேட்டருக்குப் புதுப்புதுச் சொற்களை ஆக்கிப் பார்ப்பதுண்டு. ஆயினும், 'அடைகாப்பான்' என்னும் முற்றத்துச் சொல்லுக்கு உள்ள பொருத்தம் மற்றவற்றுக்கு இல்லை என்பது என் எண்ணம்.

தார்னியேயுடன் பணியாற்றிய டாக்டர் ஓவார் 1883இல் வெளியிட்ட கணக்கின்படி, 2 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகளில் முன்னர் நூற்றுக்கு 66 இறந்தன. பெட்டி வந்தபின் 38. முன்னும் பின்னும் ஒப்பிட்ட கணக்கேயன்றி முறையான சோதனையன்று இது. எனினும் அலட்சியம் செய்யத்தக்கதும் அன்று.

தார்னியேயின் மாணாக்கர் பியேர் புதேன் வேறொன்றையும் கண்டார். பெட்டிக்குள் உயிர் பிழைத்த குழந்தையைப் பிரிந்திருந்த தாய்க்கு, நாளடைவில் அதன்மேல் பற்றுக் குறைந்துவிடுகிறது. ஆகவே தாய்மாரை அருகே வரச்செய்து பாலூட்டச் சொன்னார். அவ்வறிவுரை பின்னாளில் போற்றப்படவில்லை. பெட்டி புகழ்பெற்றது, தாய் கண்ணாடிக்கு அப்பால் நிறுத்தப்பட்டாள். அமெரிக்காவிலோ மார்ட்டின் கூனி என்பவர், 1903 முதல் 1943 வரை, கோனி தீவின் கேளிக்கைச் சந்தையிலே பெட்டிக் குழந்தைகளைக் காட்சிக்கு வைத்து, பார்க்க வந்தோரிடம் 25 சென்டு வசூலித்தார்! விந்தை என்னவெனில், பெற்றோரிடம் அவர் காசு வாங்கவில்லை; ஆஸ்பத்திரிகள் பல கைவிட்ட சிசுக்கள் அங்கே பிழைத்தன.

குறைமாதக் குழந்தையின் உஷ்ணம் சற்றுத் தாழ்ந்திருப்பது இயல்பே, அதனால் தீங்கில்லை என்ற எண்ணம் வைத்தியரிடையே நெடுநாள் நிலவியது. நியூயார்க்கில் வில்லியம் சில்வர்மனும் அவருடைய துணைவர்களும் அதைச் சோதித்தனர். ஒரு சாரார் 28.9 டிகிரிப் பெட்டியிலும், மறுசாரார் 31.7 டிகிரிப் பெட்டியிலும் வைக்கப்பட்டனர். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் போன்ற முறையே தீர்மானித்தது. வெம்மை மிக்க பெட்டியில் நூற்றுக்குச் சுமார் 15 குழந்தைகள் கூடுதலாகப் பிழைத்தன. 1958இல் வெளிவந்த இம்முடிவை எண்ணுங்கால் நெஞ்சு கனக்கிறது. இடையில் இருந்தது 3 டிகிரிக்கும் குறைந்த வேறுபாடு; அதனை அறியாமற் போன ஆண்டுகளோ பல.

தாயைத் திரும்ப அழைத்தது வறுமை. கொலம்பிய நாட்டின் பொகோதா நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் பெட்டிகள் போதவில்லை. நெரிசலால் தொற்றுநோய் பரவிற்று. 1978இல் டாக்டர் எட்கார் ரேய், சிசுவை ஆடையின்றித் தாயின் மார்போடு நிமிர்த்தி அணைத்துக் கட்டிவைக்கச் சொன்னார். கங்காரு முறை எனப் பெயர் பெற்றது அது. எளியோர்க்கு ஏற்ற மாற்றுவழி என்றே அதனைப் பலரும் கருதினர். பெட்டியில் வைத்து உடல்நிலை தேறிய பின்னரே தாயிடம் தருவது என்பது பொது வழக்கமாயிற்று.

அவ்வழக்கத்தையும் சோதித்தனர், இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில். டில்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் அவற்றுள் பங்குகொண்டது. 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குட்பட்ட குழந்தைகளை, தேறும்வரை காத்திராமல், பிறந்த சில மணி நேரத்திற்குள் மார்பில் சேர்த்தனர். 28 நாட்களுக்குள் இறந்தவை நூற்றுக்கு 12. காத்திருந்து சேர்த்தவற்றில் 15.7. நன்மை தெளிவாகத் தெரிந்தமையால் ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டு, முடிவுகள் 2021இல் வெளியாயின. மறு ஆண்டே உலக சுகாதார ஸ்தாபனம் தன் பரிந்துரையை மாற்றிக்கொண்டது. பிறந்தவுடன் துடைத்து உலர்த்துக, குளிப்பாட்டுவதை 24 மணி நேரமாவது தள்ளிப்போடுக என்பனவும் அதன் அறிவுரைகளுள் அடங்கும்.

இவ்வாய்வுக்காகச் சிசுக்களின் தீவிர சிகிச்சைக் கூடத்தின் அமைப்பே மாறவேண்டியிருந்தது. சேயின் அருகிலேயே தாய்க்கும் ஒரு கட்டில் போடப்பட்டது; பிரசவித்தவளுக்கு வேண்டிய சிகிச்சையும் அங்கேயே அளிக்கப்பட்டது.