நாவலில் வரும் எண்ணை வரலாற்று விடையில் எழுதலாமா?

மாணவர்களே, ஒரு கேள்வியோடு தொடங்குவோம். கதையில் படித்த ஒரு எண்ணைத் தேர்வில் அப்படியே எழுதலாமா? அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீங்க. முதலில் கதையைப் பார்ப்போம்.

கொலம்பிய எழுத்தாளர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் எழுதிய 'தனிமையின் நூறு ஆண்டுகள்' 1967-இல் வெளிவந்தது. மாய யதார்த்த நாவல். மகோந்தோ என்னும் கற்பனை ஊரில் புவெந்தியா குடும்பத்தின் பல தலைமுறைக் கதை. அந்த வீட்டின் ஓர் அறையில், மெல்குயாதேஸ் என்ற நாடோடி சமஸ்கிருதத்தில் எழுதி வைத்த சுவடிகள் கிடக்கின்றன. அவற்றைப் படித்து முடிப்பவன் அவ்ரேலியானோ. அவனுக்குத் தன் தாய் யாரென்றே தெரியாது. ஆற்றில் கூடையில் மிதந்து வந்த பிள்ளை என்று பாட்டி கதை கட்டிவிட்டாள். தன் பிறப்பின் ரகசியம் அவனுக்குச் சுவடியில்தான் கிடைக்கிறது.

அதே வீட்டில் இன்னொரு ரகசியமும் உண்டு. வாழைத்தோட்டத் தொழிலாளர்கள் சுடப்பட்டதைப் பார்த்துத் தப்பி வந்த ஒருவர், செத்தவர்கள் 3,000 பேர் என்கிறார். ஊரில் யாருமே நம்பவில்லை. பள்ளிப் பாடநூலும் அப்படி ஒன்று நடக்கவில்லை என்கிறது.

இது வெறும் கற்பனையா? இல்லை. யுனைடெட் ஃப்ரூட் நிறுவனத் தொழிலாளர்கள் 1928 நவம்பரில் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூப்பனுக்குப் பதில் ரொக்கச் சம்பளம் என்பது அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. டிசம்பர் 6 அதிகாலையில், சியெனாகா ரயில் நிலையச் சதுக்கத்தில் கூடியிருந்தவர்கள்மீது ராணுவம் சுட்டது. கட்டளையிட்ட தளபதி கோர்தேஸ் வர்காஸ் ஒப்புக்கொண்ட எண்ணிக்கை 47. அமெரிக்கத் தூதரகக் கடிதம் ஒன்று ஆயிரத்துக்கு மேல் என்றது. 1929-இல் கைதான் என்ற அரசியல்வாதி இதை நாடாளுமன்றத்தில் எழுப்பினார்.

அப்போ 3,000? நாவலின் அளவுக்கு ஏற்ப எண்ணைப் பெரிதாக்கியதாக மார்க்கேஸே பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஆனாலும் அந்த எண்தான் பலர் மனதில் நின்றுவிட்டது.

ஆகவே விடையில் 3,000 என்று உறுதியாக எழுதாதீங்க. 'பலி எண்ணிக்கையில் கருத்து வேறுபாடு உண்டு' என்று எழுதி, எந்த எண்ணை யார் சொன்னார் என்பதையும் சேருங்கள்.

ஆசிரியர்களே, மூன்று எண்களையும் வெண்பலகையில் எழுதிப் போடுங்கள். சொன்னவர் யார், குறைத்துச் சொன்னால் யாருக்கு லாபம் என்று மாணவர்களையே கேளுங்கள். எண் தவறாக இருந்தாலும், மறைக்கப்பட்ட ஒரு சாவை நாவல் மறக்க விடவில்லை. சரியான எண்ணைத் தேடுவது நம் வேலை.