கால்வாயும் கஞ்சித்தொட்டியும்

வேடிக்கை பார்ப்பது என்ற தொடரைத் தமிழில் இரண்டு விதமாக ஆள்கிறோம். தேரோட்டத்தை வேடிக்கை பார்க்கப் போகிறோம். தெருவில் ஒருவர் மயங்கி விழுந்து கிடக்க, சுற்றி நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள் என்றும் சொல்கிறோம். முன்னதில் களிப்பு, பின்னதில் பழி. ஒரு நகரத்தைச் சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறவர் எந்த இடத்தில் முதல் பொருளிலிருந்து இரண்டாம் பொருளுக்குள் கால் வைக்கிறார் என்பது எளிதில் விடை சொல்லிவிடக்கூடிய கேள்வி அன்று. வடசென்னையின் வரலாற்றில் அதற்கு ஒரு விடை இருப்பதாக நினைக்கிறேன்.

2004 முதல் ஆகஸ்ட் 22ஆம் நாளை ஒட்டிச் சென்னையின் பிறந்தநாள் கொண்டாடப்படுகிறது. அதன் முதன்மையான அங்கம் மரபுநடை. தெருத்தெருவாகக் கூட்டிச் சென்று கதை சொல்லும் வழிகாட்டிகளில் பலர் ஊதியம் கருதாத ஆர்வலர்கள். ஊர் பார்த்தலும் தொண்டும் இங்கே ஒரே செயலாகின்றன. இராயபுரம் ரயில் நிலையத்தை இத்தகைய நடைகள் மறப்பதில்லை. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட இடம் அது. ஆனால் அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத கொருக்குப்பேட்டைக்கு யாரும் ஊர் பார்க்கப் போவதில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். தண்டவாளங்கள் இருக்கின்றன. கறுத்துத் தேங்கிய ஒரு கால்வாய் இருக்கிறது. இவ்விரண்டையும் படிக்கத் தெரிந்தால் அதைவிடப் பெரிய வரலாற்று நூல் இந்நகரில் இல்லை.

கால்வாயிலிருந்து தொடங்கலாம். பேசில் காக்ரேன் என்னும் வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 மைல் நீளத்துக்கு வெட்டுவித்து 1806இல் திறந்த நீர்வழி இது. உப்பும் விறகும் இதன் வழியே நகருக்குள் வந்தன. 1837இல் அரசு இதை எடுத்துக்கொண்டது. பின்னர் வடக்கும் தெற்குமாக நீட்டி நீட்டி, ஆந்திரக் கரையிலிருந்து மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர் ஓடும் நீர்வழியாக வளர்ந்தது. இன்று இதற்குப் பெயர் பக்கிங்காம் கால்வாய். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதில்தான் நம் கதை இருக்கிறது.

1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர், பிற்காலத்து ஏழாம் எட்வர்டு, இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர் சென்னையிலும் இறங்கினார். கட்டப்படவிருந்த துறைமுகத்துக்கு நினைவுக்கல் நாட்டினார். அடுத்த ஆண்டே மழை பொய்த்தது. நம் முன்னோர் தாது வருடப் பஞ்சம் என்று பெயரிட்டு, கும்மிப்பாட்டாகக் கட்டி நினைவில் வைத்துக்கொண்ட 1876–78 பஞ்சம் அது. சிவகங்கைப் பகுதியில் வில்லியப்ப பிள்ளை அதைப் 'பஞ்சலட்சணத் திருமுக விலாசம்' என்ற அங்கத நூலாக்கினார். மக்களின் பசிக்கு விடை சொல்ல இயலாத மதுரைச் சொக்கநாதரே துரைசிங்க மன்னருக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்தனுப்புவதாகக் கற்பனை. கடவுளே கைவிரித்த காலம் என்பதை இதைவிடக் கூர்மையாகச் சொல்ல முடியாது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் மாண்டவர் தொகை 55 லட்சம் என்பது பலரும் ஏற்கும் மதிப்பீடு; அதற்கு மேலும் சொல்வோர் உண்டு.

இந்தப் பஞ்சத்தில் சென்னை நகரம் தானியமின்றித் தவித்ததாக எண்ணிவிடக் கூடாது. 1877 பிப்ரவரியில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படத்தில் சென்னைக் கடற்கரை முழுதும் தானிய மூட்டைகள் அடுக்கடுக்காகக் குவிந்து கிடக்கின்றன. துறைமுகம் அப்போது கட்டி முடிந்திருக்கவில்லை. வங்கத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்த அரிசியை அலைகளுக்கு ஊடே மசூலாப் படகுகளில் கரை சேர்த்தார்கள். கரையிலிருந்து ரயில் அதை உள்நாட்டுக்குச் சுமந்தது. அரிசி இருந்தது; அதை வாங்கும் காசு உழவரிடமும் கூலியாளிடமும் நெசவாளரிடமும் இல்லை. ரயில் ஓடும் ஊர்களில்கூட மக்கள் செத்ததற்குக் காரணம் அதுவே. நகரத்தில் அரிசி இருக்கிறது என்ற செய்தியே மாவட்டங்களிலிருந்து மக்களைச் சென்னை நோக்கி நடக்க வைத்தது.

நடந்து வந்தவர்களுக்கு ஒரு பழைய முகவரி தெரிந்திருந்தது. பழைய வண்ணாரப்பேட்டையையும் இராயபுரத்தையும் ஒட்டி, இன்று ஸ்டான்லி மருத்துவமனை நிற்கும் பகுதியில் இருந்த மணியக்காரர் சத்திரம் அது. ஹைதர் அலியின் படையெடுப்பை ஒட்டி வந்த பஞ்சத்தின்போது, 1782இல், கஞ்சி ஊற்றுவதற்காகத் தோன்றிய இடம். 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் அங்கே நோயாளிகளுக்கும் இடம் அமைத்தார். கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று அதற்கு மக்கள் வைத்த பெயர், 1938இல் ஆளுநர் ஒருவரின் பெயரில் அது மருத்துவக் கல்லூரியாக உயர்ந்த பிறகும் வடசென்னை முதியவர்களின் வாயில் நீண்டகாலம் தங்கியிருந்தது. இந்நகரின் பெரிய மருத்துவமனைகளுள் ஒன்று ஒரு கஞ்சிப் பானையிலிருந்து முளைத்தது என்பதை நாம் போதிய அளவு நினைத்துப் பார்ப்பதில்லை.

1876இன் இறுதியில் கறுப்பர் பட்டணத்துச் செல்வர்கள் பலர் தம் வீட்டு வாசலிலேயே ஆயிரக்கணக்கானோருக்குச் சோறிட்டார்கள். கூட்டம் கட்டுக்கடங்காமல் பெருகவே அரசு முகாம்களை அமைத்தது. அங்கிருந்துதான் தர்மம் கணக்கு வழக்காக மாறியது. அந்தக் கணக்கைப் பற்றித்தான் பெரும் சண்டை மூண்டது.

1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் தூதராகச் சர் ரிச்சர்ட் டெம்பிள் சென்னை வந்தார். செலவைக் குறைப்பது அவர் பணி. நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் மேற்கொண்டு ஓர் அணாவும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்பது 450 கிராம் அளவு. முகாமில் சும்மா இருப்பவருக்கன்று, மண் வெட்டிச் சுமக்கிறவருக்கு இந்த அளவு! சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் என்ற மருத்துவர் இதை எதிர்த்தார். அவர் ஆவேச உரை எதுவும் நிகழ்த்தவில்லை. சிறைக் கைதிகளுக்கு அரசே நிர்ணயித்திருந்த உணவளவை எடுத்து அருகில் வைத்தார். குற்றவாளிக்குக் கொடுப்பதைவிடக் குறைவாக, குற்றமற்ற கூலியாளுக்குக் கொடுக்கிறீர்கள் என்று எண்களாலேயே காட்டினார். முகாம்களில் மாண்டவர்களின் விகிதத்தையும் தொகுத்து அடுக்கினார். சில மாதங்களில் சென்னை அரசு கூலியை உயர்த்தியது. உயிர்களைத் தின்ற மாதங்கள் அவை; எனினும் உயர்ந்ததற்கு அந்த அட்டவணைகளே காரணம்.

அதே காலத்தில் வேறொருவரும் முகாம்களுக்கு வந்தார். வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி; தேர்ந்த புகைப்படக்காரர். எலும்புக்கூடுகளாகிவிட்ட ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் வரிசையாக உட்கார வைத்துப் படமெடுத்தார். பஞ்சம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் எழும் உருவங்கள் பெரும்பாலும் அவருடைய தகடுகளிலிருந்து வந்தவை. வேறு பஞ்சங்களைப் பற்றிய கட்டுரைகளிலும் அவற்றை இடம் மாற்றி, ஆண்டு மாற்றி வெளியிடுகிறார்கள். அப்படி மாற்ற முடிகிறது என்பதே அந்தப் படங்களின் குறை. அதில் இருப்பவர் யார், எந்த ஊரார், பிறகு என்ன ஆனார் என்பது பதிவாகவில்லை. 1886இல் மண்டலேயில் மரணதண்டனை நிறைவேற்றப்படுவதைப் படமெடுத்ததற்காக அதே ஹூப்பர் விசாரணைக்கும் கண்டனத்துக்கும் உள்ளானார். சாகப்போகிறவனைக் காட்சிப்பொருளாகக் கண்ட கண் பத்தாண்டுகளில் மாறிவிடவில்லை.

கார்னிஷ், ஹூப்பர் இருவரும் ஒரே கூட்டத்தைத்தான் பார்த்தார்கள். ஒருவர் எண்ணினார், மற்றவர் படம் பிடித்தார். அந்தப் படங்கள் பயனற்றவை என்று சொல்ல வரவில்லை. தொலைதூரத்து மனிதர்களுக்குப் பஞ்சம் உண்மைதான் என்பதை அவை உணர்த்தின. ஆனால் படம் பார்த்தவருக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை அட்டவணைதான் சொன்னது.

இவ்விரண்டையும் இணைக்க முயன்ற மூன்றாமவர் ஒருவர் இருந்தார். 'மெட்ராஸ் டைம்ஸ்' இதழின் ஆசிரியர் வில்லியம் டிக்பி. 1877 ஆகஸ்டில் சென்னையில் கூடிய பொதுக்கூட்டம் இங்கிலாந்து மக்களிடம் உதவி கோரியது. லண்டன் மேயரின் தலைமையில் நிதி திரண்டது. சென்னையில் அதை நிர்வகித்த குழுவுக்கு டிக்பி கௌரவச் செயலாளரானார். அரசின் நிவாரணம் உயிரைப் பிடித்து வைப்பதோடு நின்றது. தொண்டர் குழுக்கள் விதைநெல்லும் உழவு மாடும் துணியும் கொடுத்தன. இடிந்த குடிசையைச் செப்பனிடப் பணம் தந்தன. மழை வந்த பின்னும் ஒரு குடும்பம் பிழைத்திருக்க என்ன வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். 1878இல் டிக்பி இந்தப் பஞ்சத்தின் வரலாற்றை இரண்டு பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். தொண்டு முடிந்ததும் எழுத்து தொடங்கியது எனலாம். 1880இன் பஞ்ச ஆணைய அறிக்கையும் 1883இன் பஞ்ச விதித்தொகுப்பும் இத்தகைய பதிவுகளின் மீது எழுந்தவை. பசித்தவனுக்கு வேலையும் கூலியும் கொடுக்க அரசு கடமைப்பட்டது என்ற எண்ணம் சட்டமொழிக்குள் நுழைந்த வழி அது.

இனிக் கால்வாய்க்குத் திரும்பலாம். 1877–78இல் பஞ்ச நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கிலோமீட்டர்ப் பகுதி வெட்டப்பட்டது. கொருக்குப்பேட்டை வழியே வந்த வடக்குக் கால்வாயும் தெற்குக் கால்வாயும் நகருக்குள் கைகோத்தது அப்போதுதான். வெட்டியவர்கள் ஒரு பவுண்டுக்கும் ஒன்றரைப் பவுண்டுக்கும் நடுவே அதிகாரிகள் வழக்காடிக்கொண்டிருந்தபோது மண் சுமந்த மக்கள். முழுக் கால்வாய்க்கும் சூட்டப்பட்டதோ அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர். மண் சுமந்தவர்களில் ஒருவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் கப்பல் சில நிமிடங்கள் குண்டு வீசியதற்கு உயர் நீதிமன்றச் சுவரில் கல்வெட்டு உண்டு. ஊர் பார்ப்போர் பட்டியலில் அது தவறாமல் இருக்கும். இரண்டாண்டுப் பசிக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

கால்வாயில் ஊர் பார்க்கப் போனவர்களில் இலக்கிய வாசகர் மறக்க முடியாதவர் பாரதிதாசன். 1934இல் ஒரு நிலா இரவில் ஜீவானந்தம், குத்தூசி குருசாமி முதலிய தோழர்களோடு தோணியில் மாமல்லபுரம் சென்றார். 'மாவலிபுரச் செலவு' என்ற பாடல் பிறந்தது. நிலவும் நீரும் நட்பும் நிறைந்த அந்த உல்லாசப் பயணத்திலும் தோணியை நகர்த்தும் தொழிலாளரின் உழைப்பு கவிஞரின் கண்ணில் பட்டது. சிற்பங்களைக் காணச் சென்றவர் வழியில் தம்மைச் சுமப்பவரையும் கண்டார். ஊர் பார்த்தல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இலக்கணம் தேடுவோர் அந்தப் பாடலிலிருந்தே தொடங்கலாம். 1965, 1966 புயல்களுக்குப் பின் கால்வாய் தளர்ந்தது, தோணிகள் மறைந்தன, சாக்கடை மிஞ்சியது.

அந்தச் சாக்கடை ஒருநாள் மீண்டும் காட்சிப்பொருளானது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. எண்ணெயில் தோய்ந்த கூழைக்கடாவின் படம் நாடெங்கும் பரவியது. அந்தப் படத்தின் பின்னால் மீனவர்கள் தங்கள் படகில் நின்று, குவளையாலும் கைகளாலும் எண்ணெயை அள்ளிப் பீப்பாய்களில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஆர்வலர்கள் சிலர் பறவைகளை எண்ணினார்கள். எண்ணெய் எதுவரை போயிருக்கிறது என்று வரைபடத்தில் குறித்தார்கள். 2,301 மீனவர்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய், 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய் என்று அரசு நிவாரணம் அறிவித்தது. பட்டியலில் ஏறியவருக்குப் பணம் உண்டு. ஏறாதவருக்காக யாரேனும் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். கார்னிஷின் காலத்திலும் இதுவே நிலை.

கொருக்குப்பேட்டை ரயில் நிலையத்தின் பெயர் நாளிதழ்களில் அடிக்கடி வருவது இன்னொரு செய்திக்காக. ஆந்திரத்துக்குக் கடத்தவிருந்த ரேஷன் அரிசி அங்கே பிடிபட்டது என்பார்கள். 1877இல் கடற்கரையில் குவிந்த அரிசியையும் இந்த மூட்டைகளையும் ஒன்றாக்கிவிட முடியாது. இடையில் பொது விநியோகம் என்ற பெரிய சாதனை நிற்கிறது. ஆயினும் அரிசி எந்தத் தண்டவாளத்தில் எந்தத் திசையில் போகிறது என்பதை இந்த ஊரில் நின்று இன்றும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

மரபுநடை நடத்தும் நண்பர்களுக்கு ஒரு யோசனை. கொருக்குப்பேட்டைக் கால்வாய்க் கரையில் தொடங்கி, பழைய வண்ணாரப்பேட்டை வழியாகக் கஞ்சித்தொட்டி இருந்த இடத்துக்கு வந்து, இராயபுரம் நிலையத்தில் முடிக்கலாம். ஒரு காலைப்பொழுது போதும். அழகிய கட்டடம் என்று கடைசியில் ஒன்றுதான் கிடைக்கும். வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்ளட்டும். கூடவே ஆளுக்கொரு குறிப்பேடும் கொண்டுவரட்டும். அங்கே வாழ்கிறவர்களிடம் தண்ணீர் எந்த ஆண்டு எதுவரை ஏறியது என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். 1877இல் உயிர்களைக் காத்தது அப்படிப்பட்ட எழுத்துதான்.