தோல் ஜேக்கெட் தைக்கிறீர்களா? லைனிங் துணியிலும் கவனம் தேவை

மலாக்கா: ஆயர் குரோ, பத்து பெரண்டாம் தொழிற்பேட்டைகளுக்கு இரவு வேலைக்கு மோட்டார் சைக்கிளில் செல்வோருக்கும், விடுமுறையில் கேமரன் மலைக்குக் குழுவாகப் போகும் இளைஞர்களுக்கும் தோல் ஜேக்கெட் பழக்கமான உடை. அளவு கொடுத்துத் தைப்பவர்கள் தோலின் தரம், நிறம், ஜிப் ஆகியவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். உள்ளே வரும் லைனிங் துணியை மட்டும் தையல்காரர் விருப்பத்திற்கு விட்டுவிடுவார்கள். தோல் பல ஆண்டுகள் உழைக்கும்; பெரும்பாலும் முதலில் கிழிவது லைனிங்தான்.

இதற்குக் காரணம் உண்டு. தோல் ஜேக்கெட்டைச் சட்டையைப் போல் அடிக்கடி துவைக்க முடியாது. வியர்வையும் உப்பும் லைனிங்கிலேயே தங்கிவிடுகின்றன. நம் ஊர் ஈரக் காற்றில் அது பூஞ்சணத்திற்கு இடம் கொடுக்கும்.

எந்தத் துணி எதற்கு?

பருத்தி: காற்றிலிருந்தே தன் எடையில் சுமார் 8 விழுக்காடு ஈரத்தை ஏற்கும். உடம்புக்குக் குளிர்ச்சி. ஆனால் மெதுவாகவே காயும். ஈரத்தோடு வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். கைப்பகுதியில் வைத்தால் சட்டைக் கை சுருண்டு மாட்டும்.

பாலியஸ்டர்: உராய்வை நன்றாகத் தாங்கும், விலையும் குறைவு. ஈரத்தை அரை விழுக்காடுகூட ஏற்காததால் விரைவில் காயும். ஆனால் வெயிலில் புழுங்கும். மெல்லிய டஃபெட்டாவைவிட, சாய்வரி நெசவுள்ள ட்வில் நீடித்து உழைக்கும்.

விஸ்கோஸ் ரேயான்: வழவழப்பானது, வியர்வையை உறிஞ்சும். நனைந்தால் வலிமையில் ஏறக்குறைய பாதியை இழக்கும் என்பதால் அக்குளில் சீக்கிரம் கிழியும்.

கப்ரோ: பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் குறும் இழைகளிலிருந்து தயாராவது. ஜப்பானின் அசாஹி கசெய் நிறுவனம் இதைப் ‘பெம்பெர்க்’ என்ற பெயரில் விற்கிறது. அணிய மிகவும் சுகம்; விலை அதிகம். நாள்தோறும் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவருக்கு இது கட்டாயமில்லை.

ஒரே துணியை எல்லா இடத்திலும் வைக்க வேண்டியதில்லை. உடல் பகுதிக்குப் பருத்தி கலந்த பாலியஸ்டர், கைக்குப் பாலியஸ்டர் ட்வில், சாவியும் கைப்பேசியும் கிடக்கும் பாக்கெட்டுக்குத் தடித்த பருத்தி ட்ரில் என்று பிரித்துக் கேட்கலாம்.

கடையில் சோதிக்க

துணியின் இரு துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, தையலின் இருபுறமும் பிடித்து இழுக்க வேண்டும். நூல் விலகி இடைவெளி தெரிந்தால் அந்தத் துணி வேண்டாம். நனைந்த வெள்ளைத் துணியால் தேய்த்தால் சாயம் ஒட்டக்கூடாது. ஒட்டினால் வியர்வையில் சட்டையையும் கறையாக்கும். பாலியஸ்டரா என்ற ஐயம் இருந்தால் ஓர் இழையைப் பாதுகாப்பாகக் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தியும் ரேயானும் காகிதம் போல் எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும்.

தையல்காரரிடம் சொல்ல வேண்டியவை

லைனிங்கைத் தோலின் அளவுக்கே இறுக்கமாக வெட்டக்கூடாது. முதுகின் நடுவில் ஒரு மடிப்பும், அக்குளில் கொஞ்சம் தளர்வும் வேண்டும். கையை நீட்டி ஹேண்டலைப் பிடிக்கும்போது இழுபடுவது இந்த இடங்கள்தான். பருத்தியை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும். தோலில் விழுந்த ஊசித் துளை மறையாது; ஆகவே பிரித்துத் தைக்கும் நிலை வராமல் முதலிலேயே சரியாகச் செய்வது நல்லது. பழைய ஜேக்கெட்டுக்கு லைனிங் மாற்றும்போது, இயன்றவரை பழைய துளைகளிலேயே தைக்கச் சொல்லலாம்.

லைனிங் பாதுகாப்புக் கவசம் அல்ல. சாலையில் சறுக்கி விழுந்தால் உராய்வைத் தாங்க வேண்டியது தோலும் அதன் தையலும்தான். தோல் கிழிந்துவிட்டால், உராய்வுச் சூட்டில் பாலியஸ்டரும் நைலானும் உருகி உடம்பில் ஒட்டக்கூடும். ஆகவே நீண்ட பயணத்தில் உள்ளே பருத்திச் சட்டை அணிவது நல்லது.

வீடு திரும்பியதும் ஜேக்கெட்டை உடனே அலமாரியில் வைக்காமல், உட்புறம் வெளியே தெரியும்படி நிழலில் காற்றாட விட்டால் லைனிங்கின் ஆயுள் கூடும்.