கோழியின் மூச்சொலியும் நோயறிதலின் வரலாறும்

புழக்கடைக் கோழிக்கு நோய் வரும்போது அதை முதலில் காண்பவர் கால்நடை மருத்துவர் அல்லர். காலையில் கூட்டைத் திறந்துவிட்டுத் தீனி இறைப்பவரே காண்கிறார். கழுத்தை நீட்டி அலகைத் திறந்து மூச்சு வாங்குதல், தொண்டையில் கரகரவென ஒலி எழுதல், மூக்கில் சளி வழிதல், முகம் வீங்குதல், கொண்டை கருநீலமாதல், இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஓரமாக ஒடுங்கி நிற்றல் ஆகிய அறிகுறிகள் கோழி வளர்த்த சமூகங்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்தவையே. ஆயினும் ஒரே திணறலுக்குப் பின்னால் புழுவோ பாக்டீரியாவோ வைரஸோ இருக்கக்கூடும் என்பது தெளிவாக ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. அந்தத் தெளிவு உருவான வரலாற்றில் இமயமலை அடுக்கில் உள்ள இராணிக்கேட் என்னும் ஊருக்கு நிலையான இடம் உண்டு.

கண்ணால் காணக்கூடிய காரணமே முதலில் அகப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஆண்ட்ரூ வீசந்தால் என்பவர் வாயைப் பிளந்து பிளந்து மூச்சுக்குத் தவித்த கோழிகளின் மூச்சுக்குழாயில் சிவந்த புழுக்கள் ஒட்டியிருப்பதைக் கண்டார். ஆணும் பெண்ணும் பிரியாமல் இணைந்தே வாழும் இப்புழுவின் இளநிலைகள் மண்புழு, நத்தை போன்றவற்றின் உடலில் தங்கியிருந்து, அவற்றைக் கொத்தித் தின்னும் குஞ்சுகளைச் சென்றடைகின்றன என்பது பின்னர் விளங்கியது. திறந்த மண்ணில் மேயும் கோழிகளிடம் இந்நோய் மிகுதியாக இருப்பதன் காரணமும் அதுவே.

நுண்ணுயிர்கள் விளைக்கும் நோய்களைப் பிரித்தறிவது அத்தனை எளிதாக இருக்கவில்லை. இத்தாலியின் வடபகுதியில் கோழிகள் கூட்டங்கூட்டமாக மடிந்ததை 1878இல் எதுவார்தோ பெரொஞ்சீத்தோ விவரித்தபோது, அது பாக்டீரியாவால் வரும் கோழிக் காலராவோ என்ற குழப்பம் நிலவியது. பின்னர் 1901இல், பாக்டீரியாக்களைத் தடுத்து நிறுத்தும் நுண்வடிகட்டியையும் கடந்து செல்லும் ஒன்று, அதாவது வைரஸ், அதன் காரணம் என்று காட்டப்பட்டது. கோழிக் கொள்ளைநோய் என்று அக்காலத்தில் அழைக்கப்பட்ட அது இன்றைய பறவைக் காய்ச்சலின் கடும் வடிவமே என்பதை 1955இல்தான் வெர்னர் ஷேஃபர் நிறுவினார்.

இந்தப் பின்னணியில், 1926இல் டச்சு ஆட்சியிலிருந்த ஜாவாத் தீவிலும், இங்கிலாந்தின் நியூகாசில் நகரையொட்டிய பண்ணை ஒன்றிலும் கோழிகள் பெருவாரியாக இறந்தபோது, பழைய கொள்ளைநோயே திரும்பிவிட்டதாக எண்ணுவது இயல்பாகவே இருந்தது. ஆய்வாளர் டி. எம். டாயில் 1927இல் அதை மறுத்தார். ஒரு நோயிலிருந்து பிழைத்த பறவைக்கு அந்நோய்க்கு எதிரான காப்பு உடலில் உண்டாகியிருக்கும் என்பதால், பழைய கொள்ளைநோய்க்கு எதிர்ப்பாற்றல் பெற்ற கோழிகள் புதிய நோய்க்கும் தாங்குகின்றனவா என்று அவர் சோதித்தார், அவை தாங்கவில்லை, ஆகவே இரண்டும் வேறு என்பது உறுதியாயிற்று. ஏறக்குறைய அதே காலத்தில் குமாவுன் மலைப்பகுதியின் இராணிக்கேட்டிலும் இத்தகைய நோய் காணப்பட்டு, முக்தேசுவரத்தில் இயங்கிய அரசுக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தின் ஜே. டி. எட்வர்ட்ஸ் அதை 1928இல் பதிவு செய்தார். உலகம் நியூகாசில் நோய் என்று அழைக்கும் அது இந்தியாவில் இராணிக்கேட் நோய் என்ற பெயரில் நிலைபெற்றது. தமிழ்நாட்டுக் கிராமங்கள் அதனை வெள்ளைக் கழிச்சல் என்று அறியும்.

ஆசியாவில் இந்நோய் காட்டிய முகம் கொடியது. தடுப்பூசி போடாத கோழிகளில் சோர்வும் மூச்சுவாங்கலும் தோன்றி, பச்சையும் வெள்ளையுமான கழிச்சல் கண்டு, சில நாள்களுக்குள் கூட்டமே அழிந்துவிடக்கூடும்; தப்பிய சில கோழிகள் கழுத்து முறுகி, காலும் இறக்கையும் செயலிழந்து கிடக்கும். இறந்த பறவையை அறுத்துப் பார்த்தால், அரைவைப்பைக்கு முன்னுள்ள சுரப்பு இரைப்பையில் இரத்தப் புள்ளிகள் தெரிவதுண்டு.

இதே காலகட்டத்தில் மூச்சுத்திணறல் காட்டும் பிற நோய்களும் ஒவ்வொன்றாக வேறுபடுத்தப்பட்டன. இருமும்போது இரத்தங் கலந்த சளியை வெளித்தள்ளும் குரல்வளை மூச்சுக்குழல் அழற்சி 1925இல் அமெரிக்காவில் விவரிக்கப்பட்டது. குஞ்சுகளைத் திணறச் செய்து, முட்டையிடும் கோழிகளில் ஓடு சுருங்கிய முட்டைகளை உண்டாக்கும் தொற்று மூச்சுக்குழல் அழற்சியை 1931இல் வடக்கு டகோட்டாவில் ஷாக், ஹான் ஆகிய இருவர் பதிவு செய்தனர். முகம் வீங்கி நாற்றமுடைய சளி வழியும் கொரைசா என்னும் மூக்குச்சளி நோய்க்குரிய பாக்டீரியாவை 1930களின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் டி பிளீக் பிரித்தெடுத்தார். மைக்கோபிளாஸ்மா என்னும் மிகச்சிறிய பாக்டீரியாவால் வரும் நாள்பட்ட சுவாச நோயோ, உடனே கொல்லாமல் வாரக்கணக்கில் கரகரப்பையும் மெலிவையும் தந்துகொண்டிருக்கும் தன்மையது.

இந்தப் பகுப்புக்குப் பெரும் சோதனையாக அமைந்தது கலிபோர்னியா. அங்கே கழிச்சல் முதன்மையாக இல்லாமல், மூச்சுத் தொல்லையும் அதைத் தொடர்ந்து நரம்புக் கோளாறும் காட்டிய ஒரு நோயை ஜே. ஆர். பீச் 1940களின் தொடக்கத்தில் தனி நோயாக விவரித்தார்; ஆனால் அதுவும் நியூகாசில் வைரஸால் வருவதே என்பது 1944இல் தெளிவாயிற்று. இவ்வாறு, ஒரே அறிகுறியைப் பல கிருமிகள் தரலாம் என்பதோடு, ஒரே கிருமி வேறுவேறு அறிகுறிகளைத் தரலாம் என்பதும் நிலைநாட்டப்பட்டது. அறிகுறியைக் கொண்டு மட்டும் நோயின் பெயரைத் தீர்மானிக்கலாகாது என்ற கொள்கை கால்நடை மருத்துவத்தில் வேரூன்றியதற்கு இந்த அனுபவம் ஒரு முக்கியக் காரணமாகும்.

தடுப்பு முறைக்கும் இந்தியத் தொடர்பு உண்டு. எஸ். ஜி. ஐயரும் என். டாப்சனும் கருவுற்ற கோழி முட்டைகளில் வைரஸைத் திரும்பத் திரும்ப வளர்த்து அதன் வீரியத்தைக் குறைக்கும் முறையை 1940இல் வெளியிட்டனர். அவ்வழியில் 1940களில் முக்தேசுவரத்தில் உருவான தடுப்பூசி நாடெங்கும் பரவி, இன்றும் வளர்ந்த கோழிகளுக்குப் போடப்பட்டு வருகிறது. எனினும் குளிரிலேயே காக்க வேண்டிய மருந்து, நான்கைந்து கோழி வளர்க்கும் குடிசை வரை கெடாமல் சென்றுசேர்வது எளிதன்று. அதனால்தான் 1960களில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கண்டறியப்பட்ட, நோய் உண்டாக்காததும் வெப்பத்தைத் தாங்குவதுமான வி4 வகை வைரஸைக் கிராமக் கோழிகளுக்கு ஏற்ற தடுப்பு மருந்தாக்கும் ஆய்வுகள் பின்னர் நடந்தன. தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பிப்ரவரியில் நடைபெறும் இருவாரக் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாம், இதே இடைவெளியை அரசின் பணியாளர்களைக் கொண்டு நிரப்பும் முயற்சியாகும்.

ஆய்வகம் இத்தனை வளர்ந்த பின்னும் வீட்டாரின் கண்ணுக்கும் காதுக்கும் உரிய வேலை குறைந்துவிடவில்லை. உச்சி வெயிலில் கோழிகள் அனைத்தும் இறக்கையை விரித்து ஒலியின்றி வாய் திறந்து இளைத்தால் அது வெப்பத்தின் விளைவு, நிழலும் நீரும் கிடைத்தால் தணியும். குளிர்ந்த வேளையிலும் தணியாத மூச்சுவாங்கலே நோயின் அடையாளம். இரவில் கோழிகள் அடங்கிய பின் கூட்டருகே நின்று கேட்டால், பகல் சந்தடியில் புலப்படாத கரகரப்பு தெளிவாகக் கேட்கும். ஒரு பறவை பல நாள் சளியோடு உலவுவதும், ஓரிரு நாளில் பல பறவைகள் சாய்வதும் ஒன்றல்ல. பின்னது இராணிக்கேட் நோயாகவோ, 2006இல் மகாராஷ்டிரத்தின் நவாபூரில் இந்தியாவில் முதன்முறையாக உறுதிசெய்யப்பட்ட பறவைக் காய்ச்சலாகவோ இருக்கக்கூடும் என்பதால், இறந்த கோழியை வீட்டில் அறுக்காமலும் சந்தையில் விற்காமலும் கால்நடை மருந்தகத்துக்கு உடனே தெரிவிப்பது கடமையாகிறது. நோயின் பெயரைச் சொல்வது ஆய்வகத்தின் பொறுப்பு. எந்த நாளில், எத்தனை கோழிகளில், எந்த அறிகுறி முதலில் தோன்றியது என்பதைச் சொல்ல வளர்ப்பவர் ஒருவரால் மட்டுமே இயலும், அச்செய்தி இல்லாவிடில் ஆய்வகமும் காலந்தாழ்த்தியே விழித்துக்கொள்ளும்.